எலும்புக்கூட்டுக்கு என்ன பெயர் எழுதுவது: எமனா, காலனா, கூற்றமா?

வேலந்தாவளம் வாசகசாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் வாசகசாலையில், ஐப்பசி மாதம் (மலையாளத்தார் கணக்கில் துலாம்) ஒரு சிறிய படக்காட்சி வைக்க ஏற்பாடு செய்து வருகிறேன். ஐரோப்பாவின் பழைய கேலி அச்சுப்படங்களில் சாவு ஓர் ஆளாக வந்து நடமாடும் விதம்தான் பொருள். பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி அச்சிட்டும் ஆகிவிட்டது. 1538ஆம் ஆண்டு லியோன் நகரில் வெளியான, ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனின் மரச்செதுக்குப் படங்களில் ஆறு; கேலிப்பட ஓவியர்கள் கில்ரேயும் ரோலண்ட்சனும் லண்டனில் வரைந்தவற்றில் மூன்று; 1858இலும் 1866இலும் லண்டன் வார இதழ்களில் வந்த இரண்டு; கடைசியாக மெக்சிகோவின் பொசாதா செதுக்கிய, இறகுத் தொப்பி அணிந்த மண்டையோட்டுச் சீமாட்டி.

சிக்கல், படத்தின் கீழ் எழுதும் வரியில் வந்தது. ஒரே இரவில் உட்கார்ந்து ‘எமனும் அரசனும்’, ‘எமனும் மருத்துவரும்’, ‘எமனும் உழவனும்’ என்று எல்லாவற்றுக்கும் எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் பார்க்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இவனுக்கு எருமை எங்கே, பாசக்கயிறு எங்கே, கணக்கு வாசிக்கச் சித்திரகுப்தன் எங்கே? இவன் நம் எமனே இல்லையம்மா” என்றார். மலையாள வரிகளை எழுதித் தரும் தோழிக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவர் ‘காலன்’ என்று எழுதிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். நான்தான் நடுவில் நிற்கிறேன். ‘சாவு’ என்று எழுதினால் ஆளாகத் தோன்றவில்லை. ‘மரணம்’ செய்தித்தாள் தலைப்பைப் போல இருக்கிறது. ‘மரணதேவன்’ என்று ஒருவர் சொன்னார். அது சுவரொட்டியில் வரவேண்டிய சொல்.

பெயர் ஒருபுறம் இருக்க, இன்னொன்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அரசனையும் நீதிபதியையும் இழுத்துச் செல்லும்போது இந்த எலும்புக்கூடு பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. உழவன் படத்தில் மட்டும் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஓடி, கூட வேலை செய்வதுபோல் ஏர் ஓட்டுகிறது. அது உண்மையில் யாரைக் கேலி செய்கிறது?

செங்கோட்டை பழைய அச்சகம் எழுதியது:

வாசகசாலை அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் முப்பது ஆண்டுகள் அச்சுக்கோத்துப் பிழைத்தவன். கல்யாணப் பத்திரிகையையும் கருமாதிப் பத்திரிகையையும் ஒரே எந்திரத்தில்தான் அடித்தோம். கருமாதிக்கு மட்டும் ஓரத்தில் கறுப்புக் கோடு வரும். ஆகவே இந்தப் படங்களை அச்சு வேலையின் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம்.

ஹோல்பைன் வரைந்தார், செதுக்கியவர் அவர் அல்லர். ஹான்ஸ் லுட்செல்பர்கர் என்ற கைவினைஞர், ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் உயரமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரக்கட்டைகளில், அதாவது ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இடத்தில், அரண்மனையையும் கடலையும் உழுத நிலத்தையும் கத்தியால் வெட்டி எடுத்தார். மரச்செதுக்கில் கறுப்பாக விழ வேண்டிய கோட்டை விட்டுவிட்டு, வெள்ளையாக இருக்க வேண்டிய மற்ற எல்லாவற்றையும் தோண்டி எறிய வேண்டும்; மயிரிழை போன்ற கோட்டின் இரண்டு பக்கமும் கத்தி போய்வர வேண்டும். அவர் 1526இல் இறந்துபோனார். நூல் 41 படங்களோடு வெளிவந்தபோது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீங்கள் பெரிதாக்கியிருப்பது பார்வையாளர்களுக்கு வசதிதான். ஆனால் ஒரு படத்தையாவது மூல அளவிலேயே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இது சுவரில் மாட்டிப் பார்க்க அல்ல, கையில் வைத்துத் தனியாகப் பார்க்கச் செய்த பொருள் என்பது அப்போதுதான் தெரியும்.

இதற்கு முன்னே இருந்தது சுவர். 1424, 1425 ஆண்டுகளில் பாரிஸின் ‘அப்பாவிகள்’ இடுகாட்டு மதிலில் சாவின் நடனத்தை நீளமாக எழுதியிருந்தார்கள்: போப்பாண்டவர், பேரரசர், கர்தினால், அரசர் என்று தொடங்கிக் கைக்குழந்தை வரை, ஒவ்வொருவரையும் ஒரு பிணம் கைபிடித்து ஆட்டத்துக்கு இழுக்கும். அந்த மதில் இன்று இல்லை. கியோ மர்சான் என்பவர் 1485இல் அதைப் பார்த்து அச்சிட்ட மரச்செதுக்கு நூலால்தான் நமக்கு அது தெரிகிறது. அந்த நூலில் எலும்பும் தோலுமான அந்த உருவத்துக்கு மேலே ‘சாவு’ என்று எழுதவில்லை, ‘செத்தவன்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அரசனைக் கூப்பிட வருவது சாவு என்னும் பொதுவான ஆள் அன்று. நாளைக்கு அவனே ஆகப்போகிற அவனுடைய சொந்தப் பிணம். உங்கள் பெயர்ச் சிக்கல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஹோல்பைன் அந்த நடன வரிசையைக் கலைத்துவிட்டு, எலும்புக்கூட்டை ஒவ்வொருவனுடைய வேலையிடத்துக்கும் அனுப்பினார். கேலி பிறப்பது அங்கேதான். விருந்து மேசையில் அரசனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொடுப்பது அது. மருத்துவரிடம் நோயாளியை அழைத்துவந்து சிறுநீர்க் குப்பியை நீட்டுவதும் அதுதான். பணக்காரனிடமிருந்து உயிரை எடுக்காமல் முதலில் மேசைமேல் இருக்கும் காசை அள்ளுகிறது. வழக்காளியிடம் கை நீட்டிக்கொண்டிருக்கும் நீதிபதியின் கோலைப் பின்னாலிருந்து பிடுங்குகிறது. நோயாளிக்குக் கடைசி நற்கருணை எடுத்துச் செல்லும் குருவுக்கு முன்னால், விளக்கும் மணியும் ஏந்திக்கொண்டு கோயில்பிள்ளையைப் போல நடக்கிறது. அவரவர் தொழிலின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வந்து, அந்தத் தொழிலை அவரவர் எப்படிக் கெடுத்தார்கள் என்று காட்டுகிற வேலை அது. உழவன் தன் தொழிலைக் கெடுக்கவில்லை. ஆகவே அங்கே கேலி செய்ய ஒன்றும் இல்லை. தேய்ந்த உடம்போடு கடைசிச் சால் ஓட்டுகிறவனுக்கு அது கைகொடுக்கிறது, தொலைவில் சூரியன் இறங்குகிறது. 41 படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இளிப்பைப் பற்றி ஒரு சொல். மண்டையோட்டுக்கு உதடு கிடையாது. அது அழுதாலும் பல் தெரியும். பாதிச் சிரிப்பை நாமே அதன் முகத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

பெயருக்கு என் வாக்கு ‘காலன்’. பல படங்களில் ஏதாவது ஒரு மூலையில் மணற்கடிகாரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஐரோப்பியர் காலத்தைச் சிறகு முளைத்த கிழவனாக வரையும்போதும் அவன் கையில் இதே மணற்கடிகாரத்தையும் நீண்ட அரிவாளையும் கொடுக்கிறார்கள். காலமும் சாவும் அங்கே ஒரே பட்டறையில் ஆயுதம் வாங்கியவர்கள். நம்மிடம் அந்த இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. நாள் என்பது ஒரு பொழுதுபோலத் தன்னைக் காட்டிக்கொண்டு உயிரை அறுக்கும் வாள் என்று 334ஆம் குறள் சொல்வதும் இந்தக் கருத்துத்தான்.

குமரி எல்லைக்காரன் எழுதியது:

செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன அச்சுச் செய்திகள் அனைத்தும் அருமை. முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலன் என்றதும் நம் மக்களுக்குத் திருக்கடவூரும் மார்க்கண்டேயனும் நினைவுக்கு வருவார்கள். காலனே உதைபட்டு விழுந்த கதை அது. ஹோல்பைனின் எலும்புக்கூடு எந்தப் படத்திலும் தோற்பதில்லை. போர்வீரன் ஒருவன் வாள் வீசிப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

நான் ‘கூற்றம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். உடலையும் உயிரையும் கூறுபடுத்துவது என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமாக, அச்சொல் அஃறிணை. சாவு ஆணா பெண்ணா என்பதை ஐரோப்பாவில் பெரும்பாலும் இலக்கணமே முடிவு செய்திருக்கிறது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் சாவைக் குறிக்கும் சொல் பெண்பால். பைசா நகர இடுகாட்டு மண்டபத்துச் சுவரோவியத்தில் சாவு, வௌவால் சிறகும் அரிவாளும் கொண்ட ஒரு கிழவியாகப் பறக்கிறது. ஜெர்மன் மொழியில் அச்சொல் ஆண்பால். அங்கே அது போர்வீரனாகவும் பிடில் வாசிப்பவனாகவும் வரும். ஜெர்மன் பேசிய ஹோல்பைன்கூட, காதலனைப் பார்த்துக்கொண்டே செபம் செய்யும் கன்னிகாஸ்திரீயின் படத்தில் மெழுகுவத்தியை அணைக்கும் சாவுக்குக் கிழவியின் உருவத்தைத் தருகிறார். எமன், காலன், நமன், கூற்றுவன் என்று எதை எழுதினாலும் அந்தப் படத்தில் உங்கள் வரி இடறும், கூற்றம் இடறாது. தொல்காப்பியமும் காலம், உலகம், உயிர், உடம்பு என்று தொடங்கி, உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தனியே தொகுத்து வைத்திருக்கிறது. நம் முன்னோருக்கும் இதில் ஒரு கூச்சம் இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, கேலி. சாவை வைத்துக் கேலி செய்வது நமக்குப் புதியது என்று எண்ணுகிறவர்கள் புறநானூற்றின் 195ஆம் பாட்டைப் படிக்க வேண்டும். மீன் முள்ளைப் போல நரைத்த மயிரும் சுருங்கிய கன்னமுமாக நிற்கும் பெரியவர்களை “பயனில் மூப்பிற் பல்சான்றீரே” என்று நரிவெரூஉத்தலையார் விளிக்கிறார். “கணிச்சிக் கூர்ம்படைக் கடுந்திறல் ஒருவன்” வந்து கட்டும்போது வருந்துவீர்கள் என்கிறார். பெயர் இல்லை, வாகனம் இல்லை, கணக்கேடு இல்லை. கூரிய மழு ஏந்திய, கடும் வலிமையுள்ள ஒருவன், அவ்வளவுதான். ஹோல்பைனின் கட்டையில் அப்படியே வெட்டலாம்.

அதைவிடக் கூர்மையானது 227. கிள்ளிவளவன் இறந்தபோது ஆவடுதுறை மாசாத்தனார் புலம்பவில்லை, சாவைத் திட்டுகிறார்: “நனிபேதையே நயனில் கூற்றம், விரகின்மையின் வித்தட்டு உண்டனை.” நீ பெரிய முட்டாள், விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்றுவிட்டாய் என்கிறார். ஏனென்றால் போர் போராகக் கொன்று இத்தனை நாளும் உனக்குச் சோறு போட்டவனே அந்த அரசன். இனி உன் பசிக்கு யார் படைப்பார்? புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அரசன் என்பவன் சாவுக்குப் படியளக்கிற விவசாயி என்று அதே வாயால் சொல்லியாகிவிட்டது.

இப்போது உங்களிடம் உள்ள ரோலண்ட்சன் படத்தைப் பாருங்கள். அது ‘அச்சத்தின் இரு வேந்தர்கள்’ என்ற தலைப்புள்ள 1813ஆம் ஆண்டுப் படமாக இருந்தால், அதில் நெப்போலியன் ஒரு முரசின்மேல் உட்கார்ந்திருக்கிறான், எதிரே பீரங்கியின்மேல் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது, பின்னணியில் லைப்சிக் போரில் தோற்றுச் சிதறும் படை. இருவரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கூட்டு வியாபாரத்தில் நட்டம் வந்த பங்காளிகளைப் போல ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ‘வித்தட்டு உண்டனை’ என்ற அடியை அந்தப் படத்தின் கீழே எழுதினால் ஒரு சொல் கூடுதலாகத் தேவைப்படாது.

நகரித் தறிக்காரன் எழுதியது:

எங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ‘யமுடு’ என்று ஒருவர் சொல்வதை ‘எமன்’ என்று மற்றவர் கேட்டுக்கொள்வார். ஆகையால் எமனை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், தமிழாசிரியர் சொன்னது சரி. எமன் பேசக் கூடியவன். சாவித்திரி அவனோடு வழக்காடி வென்றாள். நசிகேதன் மூன்று நாள் அவன் வாசலில் காத்திருந்து பாடம் கேட்டான். அவன் நீதிபதி, கீழே எழுத்தர் உண்டு, தவறாக ஆளை மாற்றிக் கொண்டுவரும் தூதர்களும் உண்டு. நம்மவர்கள் எமலோகத்தைக் கேலி செய்யும்போது உண்மையில் கேலி செய்வது கச்சேரியை, தாலுகா ஆபீசை. ஐரோப்பிய எலும்புக்கூட்டுக்கு ஆபீசே கிடையாது. கேட்க ஆளும் இல்லை, பார்க்கக் கோப்பும் இல்லை.

ஆனால் பெரியவர்கள் இருவரும் ஹோல்பைனையே சுற்றிவருகிறார்கள். கில்ரே கையில் நடந்தது வேறு. 1792இல் அவர் வெளியிட்ட ‘பாவம், சாவு, சாத்தான்’ படத்தில் சாவாக நிற்பது பிரதமர் வில்லியம் பிட், சாத்தானாக நிற்பது அப்போதுதான் பதவி இழந்துகொண்டிருந்த தர்லோ பிரபு, நடுவில் பாவமாக நின்று இருவரையும் விலக்குவது நாட்டின் அரசி. அந்தக் காட்சி ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ என்ற காவியத்தில் வருவது. அங்கே சாவுக்குத் தெளிவான உருவமே இல்லை. தலைபோல் தோன்றும் ஒன்றின்மேல் முடிபோல் தோன்றும் ஒன்று இருந்தது என்றுதான் கவிஞர் சொல்கிறார். ஹோகார்த் அந்தக் காட்சியை ஓவியமாக்கிப் பார்த்தார்; கில்ரே அதை எடுத்து, உருவமற்ற சாவுக்கு ஒல்லியான பிட்டின் முகத்தைப் பொருத்தினார். 1795இல் அதே பிட்டை வெளிறிய குதிரையில் ஏற்றி, எதிர்க்கட்சிக்காரர்களை மிதித்துப்போகும் சாவாக மறுபடியும் வரைந்தார். ஆக, ஹோல்பைனில் எல்லோரையும் சமமாக்க வந்த சாவு, இங்கே ஒரே ஒருவனைக் குறிபார்க்கிற சாவாகிவிட்டது. அந்தப் படத்தின் கீழே கூற்றம் என்றோ காலன் என்றோ எழுதினால் கேலியின் பாதி போய்விடும். ‘பிரதமர்’ என்று எழுதுங்கள்.

செங்கோட்டைக்காரர் மரத்தைப் பற்றிச் சொன்னார். செப்பைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்தால் கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். மரத்தைப்போல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காலையில் நாடாளுமன்றத்தில் நடந்தது சில நாட்களில் கடைச் சன்னலில் தொங்கும். மெதுவான கட்டை அந்தஸ்தைக் கேலி செய்தது, வேகமான தகடு ஆளைக் கேலி செய்தது என்று எனக்குத் தோன்றும். (லூதர் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் மரத்திலேயே வேகமாக வந்தன; ஆகவே இதை விதியாகச் சொல்லவில்லை.)

வார இதழ்ப் படங்கள் இரண்டும் எனக்கு நெருக்கமானவை, ஏனென்றால் அவை தண்ணீரைப் பற்றியவை. 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாடாளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நாறியது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்த ஜூலையில் ‘பஞ்ச்’ இதழ் வெளியிட்ட படத்தில், செத்த விலங்குகள் மிதக்கும் ஆற்றில் எலும்புக்கூடு தனியாகத் துடுப்புப் போட்டு வருகிறது. தலைப்பு ‘சத்தமில்லாத வழிப்பறிக்காரன்’: பணத்தைக் கொடு, இல்லையேல் உயிரைக் கொடு. சாக்கடைக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்களுக்குச் சொன்ன சொல் அது. 1866இல் பின்வெல் ‘ஃபன்’ இதழுக்கு வரைந்த ‘சாவின் மருந்தகம்’ இன்னும் கொடியது. தெருக் குழாயடியில் ஏழைப் பிள்ளைகள் பாத்திரம் ஏந்தி நிற்கிறார்கள். முடி சூடிய எலும்புக்கூடு பம்பை அடித்துக் கொடுக்கிறது. ஊராட்சியின் அனுமதியோடு ஏழைகளுக்கு இலவசம் என்று கீழே எழுதியிருக்கிறது. 1854இல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் பிராட் தெருப் பம்புதான் காலராவைப் பரப்புகிறது என்று காட்டி, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1866இல், கிழக்கு லண்டனில் மறுபடி காலரா. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரியைப் பார்க்கும் ஊர்க்காரனுக்கு அந்தப் படத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த எலும்புக்கூடு எப்போதும் ஏழையின் பக்கம் நிற்கும் என்று கூட்டத்தில் யாரும் பேசிவிட வேண்டாம். 1848 புரட்சிகளுக்குப் பிறகு, 1849இல், ஆல்ஃப்ரெட் ரேதெல் என்ற ஜெர்மானியர் ஆறு மரச்செதுக்குகள் வெளியிட்டார். அதில் சாவு ஊருக்குள் வந்து, அரசனின் முடியும் புகைபிடிக்கும் குழாயும் ஒரே எடை என்று மக்களுக்குத் தராசில் நிறுத்துக் காட்டுகிறது. தராசை மேல்வளையத்தில் பிடிக்காமல் அதன் நாக்கில், அதாவது நடு முள்ளில், பிடித்து ஏமாற்றுகிறது. மக்கள் நம்பி ஆயுதம் எடுக்கிறார்கள், கடைசியில் பிணங்களுக்கு நடுவே அது குதிரைமேல் வெற்றிவாகை சூடிப் போகிறது. சமத்துவம் என்பதே சாவின் சூழ்ச்சி என்று சொல்ல அதே எலும்புகளைப் பயன்படுத்தினார் அவர். செதுக்கு வேலை அபாரமானது. கருத்தை நான் ஏற்கவில்லை.

கூத்துமாடத்துத் திரை எழுதியது:

நானும் சித்தூர்க்காரன்தான், பாலக்காட்டுச் சித்தூர், நகரி நண்பர் பக்கத்து ஆந்திரச் சித்தூர் அன்று. வாசகசாலைக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறேன்.

தோழி எழுதிய ‘காலன்’ என்ற மலையாள வரியைப் பற்றி முதலில். அது சிக்கலைத் தீர்க்கவில்லை, வேறு கதவு வழியாக உள்ளே கொண்டுவருகிறது. மலையாளத்தில் காலன் என்றால் பாசக்கயிற்றோடு வரும் எமனேதான். பத்தனம்திட்டைப் பக்கம், கடம்மனிட்டை போன்ற ஊர்களின் படையணி என்னும் கோயில் ஆட்டத்தில் கமுகம்பாளையில் கரியும் சிவப்பும் மஞ்சளுமாக முகமெழுதிக் காலன்கோலம் கட்டுவார்கள். பாடுவது மார்க்கண்டேயன் கதை. இரவில் அலறும் ஓர் ஆந்தைக்குக் காலன்கோழி என்று பெயர். அது “போவாம்” என்று கூப்பிடுவதாக எங்கள் பாட்டி காதைப் பொத்திக்கொள்வார். கேட்பவர் மனதில் கோலமும் ஆந்தையும் வந்த பிறகு ஹோல்பைனின் எலும்புக்கூடு எங்கே நிற்கும்? மலையாளத்தில் ‘மரணம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். அங்கே அது செய்தித்தாள் சொல்லாக ஒலிக்காது.

நான் எழுத வந்தது வேறொன்று. ரோலண்ட்சனின் நெப்போலியன் படம் தாளில் மட்டும் வந்ததன்று. லைப்சிக் வெற்றியைக் கொண்டாட 1813 நவம்பரில் லண்டன் தெருக்களில் விளக்கேற்றியபோது, ஸ்டிராண்ட் வீதியில் இருந்த ஆக்கர்மான் என்ற பதிப்பாளரின் கடை முகப்பில், இதே காட்சியை ஒளி ஊடுருவும் பெரிய திரையில் வரைந்து, பின்னால் விளக்கு வைத்துக் காட்டினார்கள். இரவில் தெருவில் நின்ற கூட்டத்துக்கு, இருட்டில் ஒளிரும் ஓர் அரசனும் ஓர் எலும்புக்கூடும் நேருக்கு நேர். அடுத்த ஆண்டுகளில், 1815, 1816இல், அதே ஆக்கர்மான் ரோலண்ட்சனின் ‘ஆங்கில மரண நடனம்’ தொகுதியையும் வெளியிட்டார். போலி வைத்தியனின் மருந்துக் கடைக்குள்ளும் சூதாட்ட மேசைக்கு எதிரிலும் எலும்புக்கூடு வருவது அதில்தான்.

பின்னால் விளக்கு வைத்துத் திரையில் உருவம் காட்டுவது நம் ஊருக்குப் புதியதா? பகவதி கோயில் கூத்துமாடங்களில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல்பாவைகளின் நிழலை வைத்து, கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடி, இன்றுவரை அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஒரு படத்தை மட்டும் தாளில் மாட்டாமல், மெல்லிய வேட்டித் துணியில் அச்சிட்டு, பின்னால் நான்கு விளக்கு வைத்துக் காட்டுங்கள். அது முதலில் எப்படிப் பார்க்கப்பட்டதோ அப்படியே பார்த்ததாகும். எண்ணெய் விளக்கு வேண்டாம், மின்விளக்கே போதும். வாசகசாலையில் புத்தகங்கள் இருக்கின்றன.

வேலந்தாவளம் வாசகசாலை எழுதியது:

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று நினைத்ததுதான் என் பிழை.

ஹோல்பைனின் ஆறு படங்களுக்கும் ‘கூற்றம்’ என்று எழுதுகிறேன். கன்னிகாஸ்திரீயின் படம் அந்த ஆறில் ஒன்று என்பதால் குமரி ஐயாவின் இலக்கணம் எனக்கு உண்மையாகவே உதவிற்று. பிட் குதிரையில் வரும் 1795ஆம் ஆண்டுப் படம்தான் என்னிடம் உள்ளது, அதன் கீழே அவர் பெயரை மட்டும் எழுதுவேன். ரோலண்ட்சனின் இரண்டு படங்களில் ஒன்று, ஐயா ஊகித்தபடி, நெப்போலியன் படமே. அதற்கு ‘வித்தட்டு உண்டனை’ என்ற அடியும், பின்னால் விளக்கும். மற்றது போலி வைத்தியன், அதற்கு மறுபடியும் ‘கூற்றம்’. ஆற்றுப் படத்துக்கும் பம்புப் படத்துக்கும் அவற்றின் சொந்தத் தலைப்பே தமிழில் போதும்.

பொசாதாவின் படத்துக்கு எந்தப் பெயரும் எழுதப் போவதில்லை. அவர் அதைத் துத்தநாகத் தகட்டில் செய்தது 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், 1913இல் இறந்துவிட்டார். தம் பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டி போல உடுத்தியவர்களைக் கேலி செய்யப் போட்ட தாள் அது. பின்னர் தியகோ ரிவேரா தம் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்தார். அதில் யாரும் யாரையும் அழைத்துப் போக வரவில்லை. தொப்பி போட்டிருப்பவளே எலும்புக்கூடு. செங்கோட்டை ஐயா சொன்ன பாரிஸ் மதிலின் ‘செத்தவன்’ கடல் கடந்து போய்ச் சேர்ந்த இடம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழாசிரியரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். ‘கூற்றம்’ என்ற சொல்லைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

செங்கோட்டை பழைய அச்சகம் எழுதியது:

அம்மா, ‘காலன்’ தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு வேலை இருக்கிறது.

ஹோல்பைனின் நூல் வெளிவந்த பிறகு பலர் அதைப் பார்த்துத் திருட்டுப் பதிப்பு வெட்டினார்கள். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே கட்டையில் செதுக்கினால், அச்சில் வலம் இடமாகத் திரும்பி விழும். ஆகவே இணையத்தில் எடுத்த படங்கள் மூலக் கட்டையிலிருந்து வந்தவையா, நகலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீமாட்டியின் படம் உங்கள் ஆறில் இருக்கிறதா? படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போர்வையை ஓர் எலும்புக்கூடு இழுக்க, இன்னொன்று பிடில் வாசிக்கும். அந்தக் கட்டிலின் கால்மாட்டில் சின்னக் கேடயம் போன்ற இடத்தில் ‘ஹெச்’, ‘எல்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். லுட்செல்பர்கர் இந்தத் தொகுதியில் தம் பெயரை வெட்டிய இடம் அதுதான். இருந்தால், ‘வரைந்தவர் ஹோல்பைன்’ என்று எழுதியிருக்கும் வரிக்குக் கீழே, செதுக்கியவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.